டிலனாய்: குளச்சலில் பிடிபட்டு உதயகிரியில் உறங்குபவர்

பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் ஒரு துப்பாக்கி கையில் கிடைத்ததும் முதலில் முத்திரையைத் தேடுவார்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு என்றால் வி, ஓ, சி என்ற மூன்று எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அதற்கு மேல் தனியாக இன்னோர் எழுத்து இருக்கும். அந்தக் கம்பெனிக்கு ஹாலந்தில் இருந்த ஆறு கிளைகளில் எந்தக் கிளையின் சரக்கு என்று அது சொல்லும். வங்கியில் வேலை பார்த்த எனக்கு இது நம் கிளைக் குறியீடு மாதிரிதான் தோன்றியது. அதற்கடுத்த கேள்வி, இது யார் கையில் இருந்தது, அவர் குடும்பம் என்ன ஆயிற்று என்பது. துப்பாக்கிக்குப் பாதி மதிப்பு அந்தக் கதையில்தான்.

அப்படிப்பட்ட துப்பாக்கிகள் மொத்தமாகக் கைமாறிய இடம் நம்முடைய குளச்சல் கடற்கரை. ஆண்டு 1741. அன்று பிடிபட்டவர்களில் ஒருவரான யூஸ்டாக்கியஸ் டிலனாயின் கதையைத்தான் இந்த இதழில் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

டிலனாய் பிறந்தது 1715-இல், இன்று பிரான்சில் இருக்கும் அராஸ் நகரில். கத்தோலிக்கர். பிழைப்புக்காக டச்சுக் கம்பெனியில் சேர்ந்து கிழக்கே வந்தவர். படையில் அவர் என்ன பதவியில் இருந்தார் என்பதில் இரண்டு கட்சி உண்டு. தளபதியே அவர்தான் என்பார்கள் நம் ஊரில். சாதாரணப் பதவிதான் என்பார்கள் டச்சு ஆவணங்களைப் படித்த சிலர். எனக்கு இரண்டாவது கட்சிதான் பொருத்தமாகப் படுகிறது. அதனால் அவர் பெருமை குறைந்துவிடாது, கூடத்தான் செய்யும்.

சண்டைக்குக் காரணம் நல்லமிளகு. மலபார் மிளகு முழுவதும் தங்களுக்கே வர வேண்டும் என்றது கம்பெனி. 1729-இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மா அதற்கு இணங்கவில்லை. இலங்கையிலிருந்து டச்சுக் கப்பல்கள் வந்தன. குளச்சலைப் பிடித்து, பத்மநாபபுரம் நோக்கி நகர்ந்தார்கள். ஆனால் அதே நேரத்தில் ஜாவாவில் பெரிய கலகம் வெடித்ததால் பட்டேவியாவிலிருந்து உதவிப்படை வரவில்லை. நம் பக்கத்தில் நாயர் படையோடு கடற்கரை மீனவர்களும் நின்றார்கள். துடுப்புகளைத் தோளில் நிமிர்த்திப் பிடித்து நின்ற மீனவர்களைத் தூரத்திலிருந்து பார்த்த டச்சுக்காரர்கள் பெரும்படை என்று மிரண்டார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். முற்றுகையின்போது ஒரு குண்டு டச்சு முகாமின் வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்து தீப்பிடித்தது. அரிசி இருப்பு சாம்பலானது. சோறில்லாமல் எத்தனை நாள் தாங்க முடியும்? ஆகஸ்டில் சரணடைந்தார்கள்.

கைதிகளை உதயகிரிக் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். அரசர் அங்கே கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். துப்பாக்கிகள் கிடைத்துவிட்டன, சரி. ஆனால் சக்கிமுக்கிக் கல்லில் பொறி தட்டி வெடிக்கும் அந்தத் துப்பாக்கியை வைத்து எப்படிச் சண்டை போடுவது? மருந்தை அளந்து போடணும், குண்டைத் தள்ளணும், கிண்ணியில் மருந்து வைக்கணும், வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுடணும். ஒரு வரிசை சுட்டு முடித்து மறுபடி நிரப்பும்போது அடுத்த வரிசை தயாராக இருக்கணும். பழக்கம் இல்லாதவன் கையில் அது வெறும் இரும்புத்தடி. கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். ஆள் உள்ளேயே இருந்தார்.

டிலனாய் சம்மதித்தார். முதலில் சிறு காவல் படைக்குப் பயிற்சி, பிறகு முழுப் படைக்கும். நாளடைவில் அவரை வலிய கப்பித்தான் என்று அழைத்தார்கள். உதயகிரிக் கோட்டை மதிலைக் கல்லால் புதுப்பித்து, உள்ளே பீரங்கி வார்க்கும் உலை அமைத்தார். அங்கே வார்த்த ஒரு பித்தளைப் பீரங்கி 16 அடி நீளம் என்றும், யானைகளைக் கட்டி இழுத்தும் நகரவில்லை என்றும் பழைய வெள்ளைக்காரர் குறிப்பு ஒன்று உண்டு. கன்னியாகுமரிப் பக்கத்து வட்டக்கோட்டையும் அவர் பார்வையில் கட்டியதுதான். அந்தப் படையை வைத்துத்தான் காயங்குளம், அம்பலப்புழை, தெக்கும்கூர், வடக்கும்கூர் என்று திருவிதாங்கூர் வடக்கே விரிந்தது. 1753-இல் மாவேலிக்கரையில் டச்சுக்காரர்கள் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அதன்படி அரசருக்கு ஆயுதம் விற்கவும் ஒத்துக்கொண்டார்கள். சண்டைக்கு வந்தவர்களே கடைசியில் சப்ளையர் ஆனார்கள்!

வடக்கு எல்லையில் அவர் எழுப்பிய நெடுங்கோட்டை என்ற நீண்ட அரண், அவர் இறந்து 12 ஆண்டுகளுக்குப் பிறகு 1789-இல் திப்புவின் படையைத் தடுத்து நிறுத்தியது.

இனி குடும்பக் கதை. டிலனாய் ஊருக்குத் திரும்பவே இல்லை. மார்கரெட் என்ற பெண்ணை மணந்து உதயகிரியிலேயே வீடு வாசலோடு வாழ்ந்தார். அரண்மனை ஊழியரான நீலகண்ட பிள்ளை அவரோடு பழகி, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டதும், 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டதும் நம் மாவட்டத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த அரசின் துப்பாக்கிகளுக்குப் பொறுப்பாளர் டிலனாய். தன் நண்பரைச் சுட்ட அதே அரசிடம் அதற்குப் பிறகு 25 ஆண்டுகள் வேலை பார்த்தார். மனதில் என்ன இருந்திருக்கும்!

அவருடைய மகன் ஜானும் திருவிதாங்கூர்ப் படையில்தான் சேர்ந்தான். 1765-இல் களக்காட்டுச் சண்டையில் செத்துப்போனான். இருபது வயதுதான் இருக்கும். அப்பா கற்றுக்கொடுத்த தொழில்.

டிலனாய் 1777 ஜூன் 1-ஆம் தேதி காலமானார். நாடு திரும்பாமல் 36 ஆண்டுகள்.

நாகர்கோவில் – திருவனந்தபுரம் சாலையில் தக்கலைக்கு முன்னால், புலியூர்க்குறிச்சியில் உயரமான கல்மதில் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் உதயகிரிக் கோட்டை. நம் பெரியவர்கள் டிலனாய் கோட்டை என்பார்கள். உள்ளே வனத்துறைப் பூங்கா இருப்பதால் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் மான் பார்ப்பதோடு திரும்பிவிடுவோம். இன்னும் கொஞ்சம் உள்ளே நடந்து போங்கள். கூரை இல்லாத பழைய சிற்றாலயம் ஒன்று இருக்கிறது. அங்கேதான் டிலனாய், மனைவி, மகன் மூவரின் கல்லறையும். அவர் கல்லறைக் கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. தமிழ் எழுத்துகள் தேய்ந்து வருகின்றன. கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போங்கள், காலை வெயிலில்தான் ஓரளவு படிக்க முடியும்.