தலையைச் சாய்க்கும் பார்லர் சேர் எப்படி வந்துச்சு? யார் இந்த மார்த்தா ஹார்ப்பர்?

கனடாவில் 1857-ல் பிறந்த மார்த்தா மாடில்டா ஹார்ப்பர், 7 வயசிலேயே வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டவர். சுமார் 25 வருஷம் பணிப்பெண். சிறுகச் சிறுகச் சேர்த்த 360 டாலரைப் போட்டு, 1888-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் பெண்களுக்கான சலூன் திறந்தார்.

குனிந்து தலை அலசினால் நுரை கண்ணில் இறங்கும். அதற்காகப் பின்னால் சாயும் சேரையும், கழுத்து பதியும்படி வளைவாக வெட்டிய சிங்க்கையும் கொண்டுவந்தார். இன்னிக்கு பார்லர்களில் இருப்பது அதே ஜோடிதான்!

ஆனால் காப்புரிமை வாங்காமல் விட்டுட்டார். சேர் எல்லாருடையதும் ஆகிப்போச்சு. அவருக்குக் கைகொடுத்தது கடைப் பெயரும் தொழில்முறையும்தான். அவற்றைக் கொடுத்து, தன்னைப் போலவே வீட்டு வேலை பார்த்த பெண்களைக் கிளை முதலாளிகளாக்கினார். உச்சத்தில் சுமார் 500 கிளைகள். 1950-ல் மறைந்தார்.