பெஸ்டலாட்ஸி என்னும் பாலாசிரியர்

மெய்ப்பொருளை ஆராய்வாரைத் தத்துவஞானியர் என உலகம் போற்றும். அரிச்சுவடி வகுப்பில் அமர்ந்து எழுத்தும் எண்ணும் உணர்த்துவாரை அப்பெயரால் அழைப்பார் இலர். இவ்விரண்டும் ஒருவர்பாலே அமைந்த வரலாற்றை நம் சங்கத்து அன்பரும் அவர்தம் மனையோரும் அறிதல் நலமெனக் கருதி, ஈண்டுச் சுருங்க எழுதுகின்றோம்.

பெஸ்டலாட்ஸி 1746-ஆம் ஆண்டு ஜனவரி 12-இல் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ஜூரிக் நகரிற் பிறந்தார். ஐந்தாம் வயதில் தந்தையை இழந்து, தாயாலும் பாபெலி என்னும் பணிப்பெண்ணாலும் வளர்க்கப்பெற்றார். 1769-இல் அன்னா என்னும் நங்கையை மணந்து, நொய்ஹோப் என்னும் பண்ணையிற் பயிர்த்தொழில் செய்தார், அது பலிக்கவில்லை. 1774-இல் அங்கேயே ஏழைச் சிறார்க்கு நூற்றலும் நெய்தலும் கல்வியோடு பயிற்றும் சாலை திறந்தார். 1780-இல் அதுவும் மூடப்பட்டது. மறு ஆண்டு வெளிவந்த 'லீனார்டும் கெர்ட்ரூடும்' என்னும் கதைநூலாற் பெரும்புகழ் எய்தினார். புகழ் வந்ததேயன்றி, பிள்ளைகளைப் பயிற்ற ஓரிடம் நெடுநாள் வாய்க்கவில்லை.

1798 செப்டம்பரில் பிரெஞ்சுப் படை ஸ்டான்ஸ் என்னும் ஊரை அழித்தது. தாய் தந்தையரை இழந்த குழந்தைகட்காக 1799 ஜனவரியில் அவ்வூர்த் துறவியர் மடத்தில் ஓர் இல்லம் ஏற்பட, பெஸ்டலாட்ஸி அதன் பொறுப்பை ஏற்றார். குழந்தைகள் ஏறத்தாழ எண்பதின்மர். சொறியும் சிரங்கும் பசியும் உற்றோர் பலர். துணைக்கு ஒரு பணிப்பெண்ணே இருந்தாள். அவர்களோடு உண்டு, அவர்களோடு உறங்கி, மூத்தோர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையை வகுத்தார். ஜூன் மாதத்தில் அவ்விடம் படையினரின் மருத்துவச் சாலையாகவே, இல்லம் கலைந்தது.

அப்பால், ஐம்பத்து மூன்று வயதினரான அந்நூலாசிரியர் பர்க்டார்ப் நகரில் மிகக் கீழ்வகுப்பு ஒன்றில் உதவியாளராய்ச் சேர்ந்தார். தம் மக்கள்மீது புதுமுறையைச் சோதிப்பதாகப் பெற்றோர் முறையிட, வேறொரு சிறுவர் பள்ளிக்குப் பெயர்ந்தார். நம் அளவைநூலார் காண்டல், கருதல், உரை என அளவைகளை வகுப்பர். அக்காலத்து ஐரோப்பியப் பள்ளிகள் பெரும்பாலும் உரை ஒன்றையே பற்றி, வினாவிடை நூலை உருப்போடுவித்தன. இவரோ காண்டலை முதலில் வைத்தார். அறையின் பழைய சுவர்த்தாள் கிழிந்து பொத்தலாயிருந்தது. அப்பொத்தல்கள் எத்தனை, எவ்வடிவின, எங்குள்ளன என்று சிறுவர் தாமே நோக்கித் தம் சொல்லாற் கூறவேண்டும். கண்டதைப் பிரித்தறிந்து பெயரிடும் இப்பயிற்சியைத் தருக்கத்தின் தொடக்கம் என்னாது வேறு யாதென்போம்? குரல் கம்மும் அளவும் அவர் கூவுவார். வகுப்பில் ஒழுங்கு குறைவு. பரிசோதகர் எவரேனும் வாயிலில் நின்று கண்டிருப்பின் நற்குறிப்பு எழுதியிரார். ஆயினும் 1800 மார்ச்சில் நடந்த தேர்வில் அச்சிறாரின் முன்னேற்றங் கண்டு பள்ளிக் குழுவினர் வியந்து பாராட்டினர்.

1805 முதல் 1825 வரை இவர்டன் கோட்டையில் நடத்திய கல்விச்சாலையே பேர்பெற்றது. ஆங்கு நிலநூல் படத்திலிருந்து தொடங்கப்படவில்லை. மாணவர் பள்ளத்தாக்கிற்கு நடந்துசென்று நோக்கி, களிமண் கொணர்ந்து, தாம் கண்ட நிலத்தை மேசைமேல் வனைவர். படம் அதன்பின்னரே வரும். பின்னாளிற் குழந்தைத் தோட்டப் பள்ளியை நிறுவிய பிரோபெல் 1808 முதல் 1810 வரை இங்கிருந்து இம்முறையைக் கண்டவர். 1815-இல் அன்னா அம்மையார் மறைந்தார். துணையாசிரியர் இருவரின் பிணக்கு வளர்ந்து, சாலை மூடப்பட்டது.

நொய்ஹோபுக்கே மீண்ட முதியவர் 1827 பிப்ரவரி 17-இல் புருக் என்னும் ஊரில் உயிர் நீத்தார். பண்ணையை அடுத்த பிர் என்னும் சிற்றூரில், பள்ளிக்கூடத்தின் அருகே அவருடல் அடக்கஞ் செய்யப்பட்டது. அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1846-இல் நினைவுச் சின்னம் அப்பள்ளிச் சுவரிலேயே அமைக்கப்பெற்றது.