டார்வினின் விடுமுறை நாட்கள்

சார்லஸ் டார்வினின் பெயரை அறியாத மாணாக்கர் நம் கல்லூரியில் இரார். அவருடைய கொள்கையை விலங்கியல் வகுப்பிற் கற்கிறோம். நீண்ட வெண்டாடியோடு கூடிய அவரது முதுமைத் தோற்றத்தைப் படத்திற் காண்கிறோம். ஆயின், அத்தாடி முளைக்குமுன், பாடங்களில் மனம் பற்றாது வயல்வெளிகளில் வண்டு தேடித் திரிந்த ஓர் இளைஞராக அவர் இருந்த காலத்தைப் பற்றிப் பலர் கேள்வியுற்றிரார். தம் கல்லூரிப் படிப்பைப் பொறுத்தவரை காலம் வீணாகவே கழிந்ததென்று அவரே முதுமையில் எழுதி வைத்தார். அங்ஙனமாயின் அவர் கற்றது எங்கே, எப்பொழுது என்பதையே ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றேன்.

அவர் 1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள ஷ்ரூஸ்பரி நகரிற் பிறந்தார். தகப்பனார் ராபர்ட் டார்வின் பேர்பெற்ற வைத்தியர். பொருள் வளமும் உடையவர். தாயாரோ டார்வினின் எட்டாம் வயதிலேயே காலஞ்சென்றார். பள்ளியில் பழைய இலத்தீன், கிரேக்கப் பாடல்களை மனப்பாடஞ் செய்வதே படிப்பாக இருந்தது. அதில் அவருக்குச் சுவை பிறக்கவில்லை. வீட்டுத் தோட்டத்தில் கருவிகள் வைக்கும் கொட்டகையில் தமையனாரோடு சேர்ந்து இரசாயன சோதனைகள் செய்துகொண்டிருந்தார். இதனை அறிந்த தலைமையாசிரியர், பயனற்றவற்றிற் பொழுது போக்குவதாகப் பலரறிய அவரைக் கடிந்துகொண்டார்.

தம்மைப் போல் மகனும் வைத்தியனாக வேண்டுமென விரும்பிய தகப்பனார், 1825ஆம் ஆண்டில் அவரை எடின்பரோ சர்வகலாசாலைக்கு அனுப்பினார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. இரண்டு ரண சிகிச்சைகளைக் காணச் சென்றார். அவற்றுள் ஒன்று ஒரு குழந்தைக்குச் செய்யப்பட்டது. முடியும் வரை நிற்க மாட்டாமல் வெளியே ஓடிவிட்டார். அந்தக் காட்சி பல ஆண்டுகள் அவரை வருத்தியது. ஆயினும் எடின்பரோவில் அவர் சும்மா இருந்துவிடவில்லை. கயானா நாட்டிலிருந்து வந்தவரும், அடிமைத்தளையினின்று விடுதலை பெற்றவருமான ஜான் எட்மன்ஸ்டன் என்பவரிடம் கூலி கொடுத்து, இறந்த பறவைகளைப் பாடம் பண்ணும் தொழிலைப் பயின்றார். கடற்கரைக் குட்டைகளில் சிற்றுயிர்களைத் தேடினார். செம்படவரோடு படகேறிச் சென்றார். அங்கே கண்ட ஒரு சிறு கடலுயிரைப் பற்றி 1827ஆம் ஆண்டில், தம் பதினெட்டாம் வயதில், மாணாக்கர் சங்கமொன்றில் பேசினார். இவற்றில் ஒன்றேனும் அவருடைய வைத்தியப் பாடத்தைச் சேர்ந்ததன்று.

மகன் வைத்தியனாகான் என்பது தகப்பனாருக்குத் தெரிந்துவிட்டது. வேட்டையும் நாயும் எலி பிடித்தலும் அன்றி வேறொன்றிலும் கருத்தில்லாத நீ, உனக்கும் குடும்பத்துக்கும் இழிவையே தேடுவாய் என்னும் கருத்துப்பட அவர் ஒருமுறை சினந்து பேசியதை டார்வின் என்றும் மறந்திலர். அவ்வாறு சொல்லிய தந்தை அன்பிலாதவரல்லர் என்பதையும் உடனெழுதியுள்ளார். மகனைக் குருத்தொழிலுக்கு ஆளாக்க எண்ணி, பி.ஏ. பட்டம் பெறும்பொருட்டுக் கேம்பிரிட்ஜிலுள்ள கிறைஸ்ட்ஸ் கல்லூரிக்கு அனுப்பினார். 1828ஆம் ஆண்டு ஜனவரியில் டார்வின் அங்கே சேர்ந்தார்.

கேம்பிரிட்ஜில் அவரை ஆட்கொண்டது வண்டு. வில்லியம் டார்வின் பாக்ஸ் என்னும் உறவினரே அந்தப் பித்தை ஊட்டியவர். மாரிக்காலத்தில் ஆள் வைத்து, முதிய மரங்களிலுள்ள பாசியைச் சுரண்டி மூட்டையாகக் கட்டச் செய்வார். நாணல் ஏற்றிவரும் படகுகளின் அடியிற் கிடக்கும் குப்பையை வாரிவரச் செய்வார். அக்குப்பையிலிருந்து அரிய இனங்கள் சில கிடைத்தன. ஒருநாள் பட்டையை உரித்தபோது இரண்டு அரிய வண்டுகளைக் கண்டு கைக்கொன்றாகப் பற்றினார். அப்பொழுது மூன்றாவதாக ஒரு புதுவகை வண்டு தோன்றிற்று. அதை விட மனமில்லை, வலக்கையிலிருந்ததை வாயிலிட்டுக்கொண்டார். அது காரமான நீரைக் கக்கி நாவைச் சுட்டது. துப்பியபோது அதுவும் போயிற்று, மூன்றாவதும் போயிற்று! ஆங்கிலப் பூச்சிகளைப் பற்றி ஸ்டீபன்ஸ் என்பார் வெளியிட்ட நூலில், இன்ன வண்டைப் பிடித்தவர் டார்வின் என அச்சாகியிருக்கக் கண்டபோது, முதற் கவியை அச்சிற் கண்ட கவிஞனும் அத்துணை மகிழ்ந்திரான் என்பது அவர் கூற்று.

அவரது ஓய்வு முழுதும் இவ்வாறே கழிந்ததென்று எழுதினால் அது உண்மையாகாது. குதிரையேற்றம், வேட்டை, சீட்டாட்டம், விருந்து, மது ஆகிய யாவும் இருந்தன. வழக்கமாக எவரும் உண்ணாத பறவைகளைச் சமைத்து உண்பதற்கென்றே நண்பர் சிலர் ஒரு சங்கம் வைத்திருந்தனர். கிழ ஆந்தை ஒன்றைத் தின்றதோடு அவர்களுடைய ஆர்வம் குன்றிற்று. 1828ஆம் ஆண்டுக் கோடையில் கணிதம் படிப்பதற்காக ஆசிரியரோடு வேல்ஸிலுள்ள பார்மத் என்னும் கடற்கரையூருக்குச் சென்றார். பீஜகணிதத்தின் முதற் படிகளே கசந்துபோக அதனைக் கைவிட்டார். பிற்காலத்தில் இதைக் குறித்து மிகவும் வருந்தினார். விடுமுறையில் அவர் இழந்ததும் உண்டென்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை.

தாவர சாஸ்திரப் பேராசிரியரான ஹென்ஸ்லோவின் நட்பே கேம்பிரிட்ஜில் அவர் பெற்ற பெரும்பேறு. கேட்டேயாக வேண்டும் என்ற கட்டாயமில்லாத அவருடைய சொற்பொழிவுகளுக்கு டார்வின் தவறாது சென்றார். வெள்ளிக்கிழமை மாலைகளில் பேராசிரியரின் இல்லத்தில் மாணாக்கரும் ஆசிரியரும் கூடி அளவளாவுவர். நாள்தோறும் அவரோடு நெடுந்தூரம் உலாவியதனால், ஹென்ஸ்லோவோடு நடப்பவர் என்றே டார்வினைப் பிற ஆசிரியர்கள் குறிப்பிடலாயினர். 1831ஆம் ஆண்டு ஜனவரியில் சாதாரணப் பட்டத்துக்குரிய பரீட்சையில் 178 பேருள் பத்தாவதாகத் தேறினார். எனினும் நியமப்படி இன்னும் இரு பருவம் அங்கே தங்க வேண்டியிருந்தது. பரீட்சையற்ற அம்மாதங்களில் ஹம்போல்ட்டின் பிரயாண நூலை அவர் படித்துத் தெனரீப் தீவைக் காணத் துடித்தார். ஸ்பானிஷ் மொழியையும் கற்கத் தொடங்கினார். பூகர்ப்ப சாஸ்திரமும் பயிலுமாறு தூண்டியவர் ஹென்ஸ்லோவே.

அதன் பயனாக அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில், பேராசிரியர் செட்ஜ்விக்கோடு வட வேல்ஸ் மலைகளைக் காணச் சென்றார். புறப்படுமுன் ஒரு செய்தி நிகழ்ந்தது. ஷ்ரூஸ்பரிக்கு அண்மையிலுள்ள ஒரு சரளைக் குழியில் வெப்பநாட்டுச் சங்கு ஒன்று அகப்பட்டதாக ஒரு கூலியாள் கூறினான். டார்வின் இதை வியப்போடு தெரிவிக்க, செட்ஜ்விக் வியக்கவில்லை. யாரோ எறிந்ததாயிருக்கலாம், அன்றி உண்மையாக அங்கே புதைந்திருந்ததாயின், அப்பிரதேசத்தைப் பற்றி அறிந்தவை யாவும் கவிழ்ந்து பூகர்ப்ப சாஸ்திரத்துக்கே கேடாகும் என்றார். செய்திகளைத் திரட்டி ஒரு விதியின்கீழ்க் கொணர்வதே சாஸ்திரம் என்பது அன்று தமக்கு விளங்கிற்று என்கிறார் டார்வின். பல நூல்களைப் படித்தும் விளங்காதிருந்த ஒன்று அது. மலையிடையிலுள்ள கும் இட்வல் என்னும் பள்ளத்தாக்கில் இருவரும் பல மணிநேரம் பாறைகளைத் துருவி ஆராய்ந்தனர். பண்டைப் பனியாறு விட்டுச்சென்ற கீறல்களும் உருண்ட கற்களும் கண்முன் கிடந்தும் இருவரும் அவற்றை உணரவில்லை! 1842ஆம் ஆண்டில் மீண்டும் அங்கே சென்றபோதே டார்வின் அவற்றைக் கண்டறிந்தார்.

செட்ஜ்விக்கைப் பிரிந்தபின், திசையறி கருவியையும் நிலப்படத்தையும் துணைக்கொண்டு, மலைகளின் குறுக்கே நேர்வழியாகப் பார்மத்துக்கு நடந்தார். அங்கே கேம்பிரிட்ஜ் நண்பர் சிலர் படித்துக்கொண்டிருந்தனர். கௌதாரி வேட்டை செப்டம்பர் முதல் நாள் தொடங்கும். அதைத் துறப்பது பித்தர் செயலென்றே அந்நாளில் அவர் எண்ணினார். ஆகவே ஆகஸ்ட் 29ஆம் நாள் வீடு திரும்பினார். அங்கே ஹென்ஸ்லோவின் கடிதம் காத்திருந்தது. தென் அமெரிக்கக் கரைகளை அளக்கச் செல்லும் பீகிள் என்னும் கப்பலில், தலைவர் பிட்ஸ்ராய்க்குத் துணையாகவும் இயற்கைப் பொருள்களை ஆராய்பவராகவும் செல்ல இசைவாரா என்பதே அதன் பொருள்.

தகப்பனார் இசையவில்லை. குருவாக வேண்டியவனுக்குத் தகாத செயல், அறிவுக்கொவ்வாத திட்டம் எனப் பல தடைகள் கூறினார். ஆயினும் போகச் சொல்லும் புத்தியுள்ள மனிதர் ஒருவரைக் காட்டினால் இணங்குவேன் என்றார். டார்வின் மறுத்து எழுதிவிட்டு, வேட்டைக்காக மேயரிலிருந்த தம் தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட் வீட்டுக்குச் சென்றார். மாமனோ, தந்தையின் எட்டுத் தடைகளையும் வரிசையாக எடுத்து ஒவ்வொன்றுக்கும் மறுமொழி வரைந்தனுப்பினார். மறுநாள், டார்வின் விரைந்து வந்த அந்த வேட்டைநாளிலேயே, மருமகனை வண்டியிலேற்றிக்கொண்டு ஷ்ரூஸ்பரிக்குப் புறப்பட்டார். தந்தை இணங்கினார்.

1831 டிசம்பர் 27ஆம் நாள் கப்பல் புறப்பட்டது. திரும்பியது 1836 அக்டோபரில். அதனிடையே எட்மன்ஸ்டனிடம் கற்ற தொழில் பறவைகளைப் பாடம் பண்ணப் பயன்பட்டது. திரட்டிய பொருள்களைப் பெட்டி பெட்டியாக டார்வின் அனுப்ப, ஹென்ஸ்லோ அவற்றைப் பெற்றுப் பேணினார். குருத்தொழிலைப் பற்றிய பேச்சு தானே மறைந்தது.

உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றிய பெருநூல் 1859 நவம்பரில் வெளிவந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், பூச்சியியல் வாரப் பத்திரிகை ஒன்றில் ஒரு சிறு குறிப்பும் வெளிவந்தது. டவுன் கிராமத்தில் அரிய வண்டுகள் சில பிடிபட்ட செய்தியைக் கூறும் அக்குறிப்பின் கீழ்ப் பிரான்சிஸ், லெனர்ட், ஹோரஸ் என மூன்று டார்வின்களின் பெயர்கள் இருந்தன. மூத்தவனுக்கு வயது பத்து; இளையவனுக்கு எட்டு. எழுதிக் கொடுத்தவர் தகப்பனார்.