போத்தனூர் அம்மையாரின் மகன்



சென்ற வாரம் திருவரங்கத்துப் படிப்பகத்திலே ஒரு தோழர் என்னைப் பிடித்துக்கொண்டார். பொன்மலைப் பணிமனையில் லேத்து ஓட்டுபவர். மகன் திருச்சியில் கல்லூரி மாணவன். பையன் பாடப் புத்தகத்தைத் தொடுவதில்லையாம். இரவெல்லாம் கணிப்பொறிக்கு முன் உட்கார்ந்து, நல்ல சொல்லொன்றை யாருக்கும் புரியாத எழுத்துக் குவியலாக்குகிறானாம். பிறகு அந்தக் குவியலிலிருந்தே சொல்லை மீட்கிறானாம். கேட்டால், சங்கேதக் கலைக்குக் கட்டளை வரிகள் எழுதிப் பழகுகிறேன் என்கிறானாம். இது படிப்பா, பித்தா என்று கேட்டார்.

பித்தல்ல தோழரே! அந்தக் கலையில் தலைசிறந்தவனும் அப்படித்தான் கற்றான். அதுவும் உம்மைப்போல் லேத்துப் பட்டறையிலே நின்று!

ஆலன் டூரிங் என்பது அவன் பெயர். 1912 சூன் 23-ல் இலண்டனில் பிறந்தான். ஆனால் அவனைப் பெற்ற ஈத்தல் சாரா அம்மையார் பிறந்தது நம் கோவையை அடுத்த போத்தனூரில், 1881-ல். அம்மையாரின் தந்தை ஸ்டோனி, மதராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். டூரிங்கின் தந்தையோ சென்னை மாகாணத்து ஐ.சி.எஸ். அதிகாரி. அண்ணன் ஜான் 1908-ல் குன்னூரில் பிறந்தவன். அதாவது, அந்தக் குடும்பம் உண்ட சோறு நம் பாட்டன்மார் கட்டிய வரிப்பணம்! சம்பளம் இங்கே, பிள்ளைகள் அங்கே. இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தாரின் பொறுப்பில் விடப்பட்டு வளர்ந்தான் சிறுவன் ஆலன்.

கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றான். 1936-ல், நாடாவில் எழுதிய குறிகளை ஒவ்வொன்றாகப் படித்துக் கணக்குப் போடும் கற்பனை இயந்திரம் ஒன்றைத் தாளில் வரைந்தான். இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் கருவிவரை அத்தனைக்கும் அது வித்து.

அடுத்து அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம். செய்தியை எண்ணாக மாற்றி, அதைப் பெரியதொரு இரகசிய எண்ணால் பெருக்கி அனுப்பினால் பகைவன் என்ன செய்வான் என்று 1937-ல் அவனுக்கு ஓர் எண்ணம் உதித்தது. கணித மேதைகள் கட்டுரை எழுதிவிட்டு உறங்கப் போவார்கள். இவனோ இயற்பியல் துறையின் பட்டறைக்குள் நுழைந்தான். மின் ரிலேக்களைத் தானே கடைந்தான், தானே கம்பி சுற்றினான், தானே பெருக்கல் பொறி கட்டத் தொடங்கினான். கையில் எண்ணெய்க் கறை படியாமல் இந்தக் கலை வராது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

1939 செப்டம்பரில் போர் மூண்டது. மறுநாளே பிளெட்ச்லி பார்க் என்ற மாளிகைக்குப் போய்ச் சேர்ந்தான். எதிரே இருந்தது இட்லர் படையின் எனிக்மா என்னும் சங்கேதப் பொறி.

நம் ஊர்ச் சிறுவர்கள் ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ‘க’ சேர்த்துப் பேசி, பெரியவர்களை ஏய்க்கிறார்களே, அதுவும் சங்கேதந்தான். அரை நாள் காது கொடுத்தால் பிடிபட்டுவிடும். எனிக்மா அப்படியல்ல. 3 சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் 26 நிலை. ஓர் எழுத்தை அழுத்தியதும் சக்கரம் நகர்ந்துவிடும். 26-ஐ மூன்று முறை பெருக்குங்கள்: 17,576. ஐந்து சக்கரங்களிலிருந்து மூன்றை எடுத்து வரிசையாகப் பொருத்த 60 வழி. ஆக 10,54,560! அதன்மேல், கம்பிகளைச் செருகி எழுத்துகளை இணை இணையாக மாற்றும் பலகை வேறு. நாளுக்கு நாள் அமைப்பு மாறும்.

இந்தக் கோட்டையில் முதல் ஓட்டை போட்டவர்கள் ஆங்கிலேயர்கள் அல்லர். போலந்து நாட்டுக் கணித வல்லுநர் மூவர். 1932-லேயே உடைத்துவிட்டு, 1939 சூலையில் தங்கள் வித்தையைப் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் கொடுத்தார்கள். அந்த நன்றியை மறந்து பேசுவோர் பலர். நாம் மறக்க வேண்டாம்.

டூரிங் கண்ட வழி என்ன? முக்கொம்பிலிருந்து நாள்தோறும் காலையில் நீர்மட்டத் தந்தி வருகிறதென்று வையுங்கள். மறைத்து எழுதினாலும், அதற்குள் ‘காவிரி’ என்ற சொல் எங்கோ இருக்கத்தானே வேண்டும்? செருமானியரின் வானிலைச் செய்தியிலும் அப்படியே, வந்த சொல்லே நாள்தோறும் வந்தது. எனிக்மாவுக்கோ ஒரு குறை: எந்த எழுத்தையும் அதே எழுத்தாக அது தராது. ஊகித்த சொல்லை மறைச்செய்தியின் கீழே வைத்து நகர்த்திப் பார். ஓர் எழுத்து பொருந்தினாலும் அந்த இடம் தவறு, தள்ளு! மிஞ்சிய இடத்தை வைத்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று முரண்படும் சக்கர நிலைகளை எல்லாம் ஒரு பொறியே தள்ளிவிடும். ‘பாம்’ என்று அதற்குப் பெயர். லெட்ச்வொர்த் ஆலைத் தொழிலாளர் கைவண்ணத்தில் 1940-ல் முதற்பொறி வந்தது. போர் முடிவதற்குள் இருநூறுக்கு மேல் ஆயிற்று. இரவு பகலாக முறை வைத்து அவற்றை இயக்கியோர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள்.

திருவரங்கத்துப் பையன் அந்தச் சக்கரத்தைச் சில பத்து வரிகளில் எழுதிவிடலாம். பத்து இலட்சம் நிலைகளையும் அவனுடைய கணிப்பொறி சிறிது நேரத்தில் புரட்டிவிடும். ஆனால் சக்கரம் ஏன் நகர வேண்டும், நகராவிட்டால் எங்கே பிடிபடும் என்பது, தானே எழுதி, பிழை விட்டு, மறுபடி எழுதினால்தான் விளங்கும்.

ஆள் பற்றாக்குறை அங்கேயும் உண்டு! மேலதிகாரிகள் காது கொடுக்கவில்லை. 1941 அக்டோபரில் டூரிங்கும் தோழர் மூவரும், அதிகாரிகளைத் தாண்டி, நேரே பிரதமர் சர்ச்சிலுக்கே முறையீடு அனுப்பினார்கள். ஆள் வந்தது.

இத்தனையும் செய்தவனுக்குக் கிடைத்த பரிசு என்ன? 1952-ல் மான்செஸ்டருக்கு அருகே அவன் வீட்டில் திருட்டு. போலீசிடம் முறையிடப் போனவன் குற்றவாளிக் கூண்டில் நின்றான்! ஓர் ஆடவனோடு காதல் உறவு கொண்டான் என்பது குற்றச்சாட்டு. சிறையா, உடலின் இயல்பைக் குலைக்கும் மருந்தா என்றது நீதிமன்றம். மருந்தை ஏற்றான். அரசின் இரகசியப் பணியின் கதவும் சாத்தப்பட்டது. 1954 சூன் 7-ல் சயனைடு நஞ்சால் மாண்டான், வயது 41. தற்கொலை என்றது விசாரணை. ஆய்வில் நேர்ந்த விபத்து என்றே கடைசிவரை சொன்னார் அன்னை.

2013-ல் அரச மன்னிப்பு. 2021-ல் ஐம்பது பவுன் நோட்டில் படம். யார் யாரை மன்னிப்பது? 1860-ல் அந்த ஆதிக்கம் நம் தலையில் கட்டிய 377-ஆம் பிரிவும் இதே வகைதான். தன் நாட்டில் 1967-ல் அவன் தளர்த்தத் தொடங்கினான். நாமோ 2018 செப்டம்பர் 6 வரை, உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை, சுமந்துகொண்டிருந்தோம்.

போத்தனூரில் பிறந்த அந்த அம்மையார், மகனின் வரலாற்றைத் தாமே எழுதி 1959-ல் வெளியிட்டார். மகன் எனிக்மாவை உடைத்த கதை அதில் இல்லை. அரசின் இரகசியத்தைக் காத்த மகன், பெற்ற தாயிடமும் அதைச் சொல்லவில்லை.