சந்தேகப்பட்ட சீடர்

சென்னை மெரினாவில் கலங்கரை விளக்கத்தைத் தாண்டித் தெற்கே சென்றால் வெள்ளை வெளேர் என்று ஒரு மாதா கோவில் தெரியும். அதுதான் சாந்தோம் தேவாலயம். பாலக்கோட்டில் இருந்து பட்டணம் பார்க்கப் போனவர்கள் பலர் அதைப் பார்த்து இருப்பார்கள்.

அந்தக் கோவிலின் அடியில் ஒரு கல்லறை இருக்கிறது. ஏசுநாதரின் 12 சீடர்களில் ஒருவரான தோமையாரை அங்கேதான் அடக்கம் செய்தார்கள் என்பது நம்பிக்கை.

தொட்டுப் பார்த்தால்தான்...

தோமா என்றால் "இரட்டைப் பிள்ளை" என்று பொருள்.

சிலுவையில் மாண்ட ஏசுநாதர் உயிர்த்து எழுந்தார் என்று மற்ற சீடர்கள் கூறினார்கள். தோமையார் நம்பவில்லை. ஆணி பாய்ந்த காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று சொல்லிவிட்டார். 8 நாள் கழித்து ஏசுநாதர் அவர் முன் தோன்றினார் என்கிறது பைபிள். சந்தேகம் தீர்ந்தது.

கடல் தாண்டி வந்தார்

அந்தக் காலத்தில் ரோமாபுரிக் கப்பல்கள் மிளகு வாங்க முசிறித் துறைமுகத்துக்கு வரும். அந்த வழியாக கி.பி. 52-ல் தோமையார் கேரளத்தில் கரை இறங்கினார் என்று அங்குள்ள கிறிஸ்தவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

அவரைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. கோண்டோபரஸ் என்ற மன்னன் அரண்மனை கட்டும்படி அவரிடம் பணம் கொடுத்தான். அவர் அதை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். மன்னன் அவரைச் சிறையில் அடைத்தான். இறந்துபோன மன்னனின் தம்பி, அந்த அரண்மனையை மேல் உலகத்தில் கண்டு, உயிர் பெற்று வந்து சொன்னானாம்.

இது கதைதான். ஆனால் அந்தப் பெயரில் ஒரு மன்னன் வடமேற்கு இந்தியாவை ஆண்டது உண்மை. அவன் வெளியிட்ட காசுகள் கிடைத்து இருக்கின்றன.

மலையில் மரணம்

கி.பி. 72-ல், இன்று பரங்கிமலை என்று அழைக்கப்படும் குன்றில் தோமையார் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார் என்பது மரபு. உடலை மயிலாப்பூரில் புதைத்தார்கள். பிறகு எலும்புகளை எடெசா நகருக்குக் கொண்டு போனார்கள். 1258-ம் ஆண்டு முதல் அவை இத்தாலியில் ஒர்டோனா நகரில் உள்ளன.

ஆனாலும் மயிலாப்பூருக்கு மக்கள் வருவது நிற்கவில்லை. கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் அங்கு வந்து வணங்கியதை 13-ம் நூற்றாண்டில் மார்க்கோபோலோ எழுதி வைத்தார். நோய் தீர அங்குள்ள செம்மண்ணை எடுத்துப் போனார்களாம். போர்ச்சுக்கீசியர் 1523-ல் அங்கு கோவில் கட்டினார்கள். இப்போது உள்ள கோவில் 1896-ல் எழுந்தது.

தோமையார் இங்கு வந்ததற்கு அவர் காலத்துச் சான்று ஏதும் இல்லை. ஆதாரம் எங்கே என்று ஆராய்ச்சியாளர்கள் கேட்கிறார்கள்.

அந்தக் கேள்விக்குத் தோமையார் கோபப்பட மாட்டார். அவரும் அப்படிக் கேட்டுத் தெளிந்தவர்தானே!