காளான் ஆய்ந்த பெர்க்லி

மைல்ஸ் ஜோசப் பெர்க்லி 1803ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்று, சிற்றூர்த் தேவாலயத்தில் குருவாகப் பணியாற்றினார். ஓய்வு நேரத்தைக் காளான் ஆய்வுக்கே செலவிட்டார்.

1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகியது. மக்கள் பசியால் மடிந்தனர். மிகுந்த ஈரமே காரணம் என அறிஞர் பலர் கருதினர். இலையில் படர்ந்த நுண்பூஞ்சையே நோயை உண்டாக்கிற்று என்று பெர்க்லி 1846இல் எழுதினார். பலர் ஏற்க மறுத்தனர். பின்வந்த ஆய்வுகள் அந்நுண்ணுயிரே காரணம் என மெய்ப்பித்தன.

ரிச்சர்டு ஸ்புரூஸ் பிரேசிலில் திரட்டிய வெண்ணிறக் கூழ்க்காளானுக்கு 1856இல் டிரெமெல்லா பூசிபார்மிஸ் எனப் பெயரிட்டவரும் அவரே. இமயமலையில் ஹூக்கர் திரட்டிய காளான்களையும் அவர் ஆராய்ந்தார். கூழ்க்காளான் உலர்ந்தால் சுருங்கும். நீர் பட்டால் மீண்டும் விரியும். ஆதலால் பழைய உலர்மாதிரியும் ஆய்வுக்கு உதவும்.

தாம் வாழ்நாளெல்லாம் சேர்த்த ஆயிரக்கணக்கான உலர்மாதிரிகளைப் பெர்க்லி 1879இல் கியூ தாவரத் தோட்டத்திற்கு ஈந்தார். 1889இல் அவர் மறைந்தார். அவர் தொகுப்போ இன்றும் ஆய்வாளர்க்குப் பயன்படுகிறது.

பொருள் அறிக: மடிந்தனர் – இறந்தனர், மெய்ப்பித்தன – உண்மையென நிறுவின, ஈந்தார் – கொடுத்தார்.

விடை எழுதுக: பழைய கூழ்க்காளான் மாதிரி இன்றும் ஆய்வுக்கு உதவுவது எவ்வாறு?