ஜூலியா மார்கரெட் காமரன் அம்மையார்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்களில் நம்மவர் இல்லத்துக் கூடங்களில் மாட்டியுள்ள பழைய படங்களை நேயர்கள் கண்டிருப்பர். பெரியவர் நாற்காலியில் அமர்ந்திருப்பார். பக்கத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் பூச்சாடி. எங்கும் ஒரே சீரான வெளிச்சம். தலைப்பாகையின் மடிப்பும் வேட்டியின் கரையும் நன்கு துலங்கும். முகமோ உயிரற்றுத் தோன்றும். சீமையிலும் அந்நாளில் இதுவே பெருவழக்கு. அவ்வழக்கைத் துணிந்து மீறிய ஒரு மாதரசியின் சரிதத்தை இம்மாதம் சுருக்கி வரையப் புகுகின்றோம்.

அம்மையார் 1815-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆந் தேதி கல்கத்தாவிற் பிறந்தவர். 1838-இல் அவரை மணந்த சார்லஸ் ஹே காமரன், மெக்காலேயுடன் இந்தியச் சட்டக் கமிஷனில் இருந்தவர்; இலங்கையிற் காப்பித் தோட்டங்களும் உடையவர். 1848-இல் குடும்பம் இங்கிலாந்து சென்றது. 1863-ஆம் ஆண்டின் இறுதியில் மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசாக அளித்தபோது அம்மையாருக்கு வயது 48. அவ்வயதிற் புதுத் தொழில் பழகத் துணிபவர் நம்முள் எத்தனை பேர்? கோழிக்கூடு கண்ணாடி அறையாயிற்று. நிலக்கரி அறை இருட்டறையாயிற்று.

அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி உப்புத் திராவகத்தில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்துக் கழுவி முடித்தல் வேண்டும். பச்சைத் தோலை உப்பிடாது காலங்கடத்தினால் என்னாகும் என்பதை அறிந்த நம் அன்பர்களுக்கு இவ்வவசரத்தை விளக்க வேண்டுவதில்லை. அம்மையார் கூரைவழி வரும் ஒளியைத் திரைகளால் மறைத்து, ஒரு பக்கத்தினின்றே முகத்தில் விழச் செய்வார். நாற்காலியும் பூச்சாடியும் அகன்றன. கரிய துணி போர்த்த உடல் இருளில் மறைய, முகம் ஒன்றே தகட்டை நிறைத்தது. எதிரில் இருப்பவர் பல நிமிஷம் அசையாதிருத்தல் வேண்டும். இவ்வாறே கவி டென்னிசன், கார்லைல், டார்வின் முதலியோர் படமாயினர். வான நூற் புலவரும், வெள்ளி உப்புப் படம் அழியாது நிலைக்கும் வழியைக் கண்டவருமாகிய ஹெர்ஷலை 1867-இல் எடுத்த படத்தில், வெண்மயிரில் ஒளி தங்க, முதுமையின் சுருக்கங்களெல்லாம் அறிவின் எழுத்துக்களாய் விளங்குகின்றன.

தொழில் வல்லோர் நகைத்தனர். உருவம் தெளிவில்லை, தகட்டிற் கறை, கைரேகை என்றெல்லாம் குறை கூறினர். கறையும் கைரேகையும் உண்மையே. எனினும் தெளிவின்மையை அம்மையார் வேண்டியே கொண்டார். 1865-இலேயே லண்டன் சௌத் கென்ஸிங்டன் மியூசியம் அவர் படங்களை வாங்கியது.

நிற்க. இலங்கையிற் காப்பிச் செடியை நோய் பற்றி வருவாய் குன்றவே, 1875-இல் தம்பதிகள் அங்கேயே குடியேறினர். களுத்துறையில் அம்மையார் எடுத்த படங்களில் தோட்டங்களிலும் வீட்டிலும் வேலை செய்தோர் காணப்படுகின்றனர். அவர்களுட் பலர் தமிழர் என்பது அறிஞர் கருத்து. ஹெர்ஷல் முகத்தில் விழுந்த அதே கவனம் இம்முகங்களிலும் விழுந்தது. ஆனால் ஹெர்ஷலின் பெயரை உலகம் அறியும். இவர்களுட் பெரும்பாலோர் பெயரை ஒருவரும் குறித்து வைத்திலர். நம் இல்லங்களிலும் படத்தின் பின்புறம் பெயர் எழுதாமையால், இவர் கொள்ளுப்பாட்டியாரோ அவர் தமக்கையாரோ என மயங்கும் குடும்பங்கள் உளவன்றோ? இலங்கையில் எடுத்த படங்களுள் இன்று எஞ்சியவை 30-க்கும் குறைவே.

அம்மையார் 1879-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆந் தேதி மலைநாட்டில் காலஞ்சென்றார். போகவந்தலாவை செயிண்ட் மேரி ஆலயத்தில் அவர் சமாதி உளது. மறு ஆண்டே மறைந்த கணவரும் அங்கு அவர் அருகில் துயில்கின்றார்.